கரிசல் சீமையின் டிசைன் கூடங்கள்

குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்னும்படியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், பருத்தியையும் மிளகாயையும் மல்லியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேறு மார்க்கம் தேடத் தொடங்கியது இன்று நேற்றைய சங்கதியன்று. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கிறது; அது பொய்த்தால் கண்மாய் நிறையாது; கண்மாய் நிறையாத வருஷத்தில், சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும், நூல் மில்லுக்குப் போவதும், தறியில் உட்காருவதும், விடியற்காலையில் பஸ் ஏறிச் சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுக்கும் வெடி ஆபீசுக்கும் போவதுமாக ஜனங்கள் காலத்தைத் தள்ளி வந்திருக்கிறார்கள். இந்த வரிசையில் கடந்த இரண்டு மூன்று தசாப்தங்களாகச் சேர்ந்துகொண்டிருப்பது, ‘டிசைன் வேலை’ என்று ஊரார் சுருக்கமாகச் சொல்லும் உத்தியோகம்.

பிளஸ் டூ முடித்த பெண்ணோ பையனோ அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து போட்டோஷாப்பும் கோரல் டிராவும் தமிழ் டைப்பிங்கும் பழகிக்கொண்டு, சிவகாசியில் அச்சகங்களுக்குப் படமும் எழுத்தும் அமைத்துத் தருகிற டிசைன் கூடம் ஒன்றிலோ, உள்ளூரில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையிலோ வேலைக்கு அமர்ந்துவிட்டால், பெற்றோர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். அந்த நிம்மதிக்குக் காரணம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்தப் பிரதேசத்தில் மறந்தவர் யாருமில்லை. மருந்து நெடியில்லாமல், வெயிலில்லாமல், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பது கரிசல் காட்டுத் தாய் ஒருத்திக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, தூரத்திலிருந்து கணக்குப் பார்ப்பவர்கள் உணர்வது சிரமம். ஆயினும் அந்த நாற்காலிக்கு மனிதன் கொடுக்கிற விலையும் ஒன்று உண்டு. சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பெருநகரங்களிலுள்ள விளம்பர, வடிவமைப்பு நிறுவனங்களில் வேலை பார்ப்பதன் சாதக பாதகங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவோ எழுதப்படுகிறது. நம்முடைய வறண்ட சீமையில் அதே தொழில் வேர்விட்ட சரித்திரம் அதைவிடச் சுவையானது என்பதும், இன்றைய இளைஞர்கள் தங்கள் வேலையை நிறுத்துப் பார்க்க வேண்டிய தராசு அந்தச் சரித்திரத்திலேயே கிடைக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923-ஆம் ஆண்டு வாக்கில் சிவகாசியில் அதை நிலைநாட்டினார்கள் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. தீப்பெட்டி என்றால் அதன் மேல் ஒட்ட ஒரு படம் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கைக்காரர் கடையில் வந்து, ‘யானை போட்டது குடு’, ‘கப்பல் போட்டது குடு’ என்று கேட்டு வாங்கும்படியாக அந்தப் படம் அமைய வேண்டும். லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் தோன்றின. லேபிள் அச்சிடக் கற்ற அச்சகங்கள் பட்டாசுப் பெட்டிக்கும், பிறகு காலண்டருக்கும், வாழ்த்து அட்டைக்கும், நோட்டுப் புத்தக அட்டைக்கும் கை நீட்டின. மழையைத் தராத வானம் இந்தத் தொழிலுக்கு அனுகூலமாயிற்று. ஈரக்காற்றைக் குடித்த காகிதம் விரிந்து அளவு மாறிவிடும். ஒரு வர்ணத்தின் மேல் இன்னொரு வர்ணம் துல்லியமாக உட்காராது. தீக்குச்சியும் வெடியும் உலர்வதற்கு வெயில் வேண்டும். விவசாயிக்குச் சாபமாக இருந்த வறட்சியே அச்சுக்காரனுக்கும் தீப்பெட்டிக்காரனுக்கும் மூலதனமாக அமைந்தது.

லேபிளுக்கும் காலண்டருக்கும் சித்திரம் எழுதுவது யார் என்ற கேள்விக்கு விடை, சிவகாசிக்குத் தெற்கே கோவில்பட்டியில் கிடைத்தது. 1898-இல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்று, மனம் ஆன்மிகத்தில் நாட்டம் கொண்டதால் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சிலகாலம் வாசம் செய்த சி.கொண்டைய ராஜு, பின்னர் நாடகக் கம்பெனி ஒன்றில் திரைச்சீலை தீட்டும் கலைஞராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர். அந்தக் கம்பெனி நாற்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்துபோக, அவர் அந்தக் கரிசல் ஊரிலேயே தங்கிவிட்டார். ரமணர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அவதரித்தது திருச்சுழியில், திருமேனிநாதர் கோயிலுக்கு அருகிலுள்ள வீட்டில். திருச்சுழி தந்த ஞானியின் சந்நிதியில் இருந்துவிட்டு வந்த ஓவியர், அதே தென்பாண்டி வறண்ட சீமைக்கு வந்து, வீடுதோறும் சுவரில் தெய்வங்களைக் குடியேற்றினார் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழாமல் இருப்பதில்லை.

கொண்டைய ராஜு தனியாக உட்கார்ந்து படம் வரைந்த மேதை என்று மட்டும் கொண்டால் அவரை முழுவதும் அறிந்தவர்களாக மாட்டோம். டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், ராமலிங்கம், சீனிவாசன், செண்பகராமன் முதலிய சீடர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். போட்டோ எடுப்பது, போட்டோவுக்கு வர்ணம் தீட்டுவது, பின்திரை எழுதுவது, காலண்டர் படம் வரைவது என்று பலவகை வேலைகளும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. இன்று ‘டிசைன் ஸ்டுடியோ’ என்று எதைச் சொல்கிறோமோ அதன் லட்சணங்கள் யாவும் அங்கே இருந்தன. அச்சக முதலாளி வந்து இன்ன தெய்வம், இன்ன அளவு, இன்ன தேதிக்குள் வேண்டும் என்று கேட்பார். கூடம் அதைச் செய்து கொடுக்கும். மீனாட்சி கல்யாணமும் கஜேந்திர மோட்சமும் தமிழ்நாட்டைத் தாண்டியும் சட்டமிட்டு மாட்டப்பட்டுப் பூஜை பெற்றன. சிவகாசியின் பழைய காலண்டர் படங்களைக் கையில் எடுத்து அடி ஓரத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும்: அவற்றில் பலவற்றில் குருவின் பெயரும் சீடனின் பெயரும் பக்கம் பக்கமாகக் கையெழுத்தாகியிருக்கும். ‘சி.கொண்டைய ராஜு, டி.எஸ்.சுப்பையா’ என்று இரண்டு பெயர்களையும் ஒரே படத்தில் பார்க்கலாம். நாடு முழுவதும் புகழ் பெற்ற ஓவியர் ஒருவர், தம்மிடம் கற்றுக்கொள்ள வந்த இளைஞனின் பெயரைத் தம் பெயரோடு சமமாக எழுத இடம் கொடுத்தார் என்பது சாதாரண விஷயமன்று. ஒரு டிசைன் கூடம் மனிதனுக்குத் தரக்கூடிய நன்மைகளில் தலையாயது எதுவென்று என்னைக் கேட்டால், இதையே சொல்வேன். வித்தையையும் கொடுத்து, வித்தைக்கு உரிய பெயரையும் கொடுப்பதற்கு மேல் ஓர் ஆசான் செய்யக்கூடியது வேறென்ன இருக்கிறது?

வித்தையைக் கொடுக்கும் குணம் இன்றைய கூடங்களிலும் அற்றுப்போய்விடவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்து வந்த பிள்ளைக்குத் திரையில் படம் அழகாக அமைக்கத் தெரிந்திருக்கும்; அந்தப் படம் இயந்திரத்திலிருந்து காகிதத்தில் இறங்கும்போது என்ன ஆகும் என்பது தெரியாது. திரை ஒளியால் வர்ணம் காட்டுகிறது. அச்சு, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் வர்ணம் காட்டுகிறது. திரையில் மயில் கழுத்துப்போல் ஜொலித்த நீலம், ஆர்ட் பேப்பரில் மங்கிப்போய் வாடிக்கைக்காரரின் கோபத்துக்குக் காரணமாகும். தினசரி காலண்டரின் பொடி எழுத்துக்களை நான்கு மைகளும் கலந்த கறுப்பில் போட்டுவிட்டால், ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் ‘ரெஜிஸ்டர் அவுட்’ ஆகி ராகுகாலமும் எமகண்டமும் படிக்க முடியாத நிழலாகிவிடும். எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றையே பயன்படுத்த வேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் மனத்தில் பதிய வைப்பதில்லை. அச்சகத்திலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற மெஷின்காரரின் குரல்தான் பதிய வைக்கிறது. வெட்டுக்கத்திக்காக ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் படத்தை நீட்டி விடுவதும், ஒரு ஷீட்டில் எத்தனை லேபிள் அடங்கும் என்று மனக்கணக்காகச் சொல்வதும், எந்தக் காகிதம் எவ்வளவு மை குடிக்கும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வதும், அனுபவசாலிகளின் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டுமே வருகிற ஞானம். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஜாப் வாங்கிச் செய்கிறவனுக்கு இது கிட்டுவதில்லை. கிட்டினாலும், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நஷ்டத்தைக் கட்டணமாகச் செலுத்திய பிறகே கிட்டும். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னதாகவே, பள்ளிக்கூடம் என்ற பெயர் இல்லாமல் இந்தச் சீமையில் இயங்கிவந்த பள்ளிக்கூடம் இது.

உள்ளூர்ச் சிறு கடைகளில் இந்த வேலையின் முகம் வேறு. அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தைச் சுற்றியும் திருச்சுழிக் கடைவீதியிலும் இருக்கிற டிசைன் கடைகளுக்குக் கம்பெனிகள் வாடிக்கை அல்ல. கல்யாணமும் காதுகுத்தும், பூப்புனித நீராட்டு விழாவும், பங்குனிப் பொங்கலும் கும்பாபிஷேகமும், அரசியல் தலைவரின் வருகையும், சாவும்தான் வாடிக்கை. ஊரில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால், பந்தல்காரரையும் மேளக்காரரையும் தேடி ஆள் போகிற அதே நேரத்தில் டிசைன் கடைக்கும் ஒருவர் வந்துவிடுகிறார். “தம்பி, நாலு மணிக்குத் தூக்கிருவோம், அதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியாகணும்ப்பா” என்கிறார். அவர் கையிலுள்ள போனில் இருப்பது, பேத்தியின் காதுகுத்தில் எடுத்த கும்பல் போட்டோ. பெரியவர் அதில் மூன்றாவது வரிசையில் நிற்கிறார். தோளின் மேல் யாரோ ஒரு குழந்தையின் கை கிடக்கிறது. பாதி முகத்தில் பந்தலின் சிவப்பு நிழல் படிந்திருக்கிறது. அந்த முகத்தைத் தனியே வெட்டி எடுத்து, குழந்தையின் கையை நீக்கி, நீக்கிய இடத்தில் இல்லாத தோளை உண்டாக்கி, சிவப்பைக் கழுவி வெள்ளைச் சட்டைக்கு வெண்மையை மீட்டுக் கொடுக்க வேண்டும். வந்தவர் பின்னால் நின்றபடி, “கண்ணை மட்டும் தொடாதப்பா, அப்படியே எங்க அய்யா மாதிரி இருக்கட்டும்” என்கிறார்.

அதற்குள் பெயர்ப் பட்டியல் போனில் வருகிறது. போனில் அடித்த யூனிகோடு எழுத்தைக் கடையிலுள்ள பழைய எழுத்துருவில் ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து உருத்தெரியாமல் போகும். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றிருந்தாலும், பெயரில் பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பையன் மறுபடியும் முதலிலிருந்து அடிக்கிறான். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், பங்காளிகள் என்று முறை தவறாமல் வரிசை அமைய வேண்டும். மூத்த மகளுக்கு முன்னால் இளைய மருமகன் பெயர் வந்துவிட்டால் பதினாறாம் நாள் வரையில் அது பேச்சாகும். மறைந்த தேதி தெரியும். பிறந்த வருஷம் யாருக்கும் நிச்சயமில்லை. ‘தோற்றம்’ என்ற சொல்லுக்கு எதிரே என்ன போடுவது என்று நாலு பேருக்குப் போன் போகிறது. பிளேட்டுக்கு அனுப்பும் தறுவாயில், “சின்ன மாமா பேரு விட்டுப்போச்சுப்பா” என்று ஒரு குரல் வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள், ஒரு குடும்பத்தின் துக்கத்துக்கும் மானத்துக்கும் உறவுமுறைக்கும் பங்கம் வராமல் அந்தத் தாளை ஒப்பேற்றிக் கொடுக்கிற இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு, பம்பாயிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய ஏஜென்சிக்காரர்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை என்றே நான் எண்ணுகிறேன். செய்கிற காரியத்தின் பயன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அவன் கண்ணெதிரே பார்க்கிறான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் சுவரில் அந்த முகத்தைப் பார்க்கிறான். பெருநகரத்தில் சோப்புக் கம்பெனிக்குப் பொட்டலம் வரைந்து கொடுக்கிறவருக்கு இந்தத் திருப்தி எளிதில் வாய்ப்பதில்லை.

இனிக் கஷ்டங்களுக்கு வருவோம். முதலாவது, காலம். காலண்டர் தொழிலுக்கு ஆடிப்பெருக்கு தலைநாள். வரப்போகும் ஆண்டின் காலண்டர் ஆல்பங்களைச் சிவகாசியில் அன்றுதான் பூஜை போட்டு வெளியிடுவது சம்பிரதாயம். அதற்கு முந்தைய மாதங்களில் புதுப் படங்கள் அமைக்கும் பளுவும், அதற்குப் பின் மார்கழி முடிய, கடைப் பெயரும் முகவரியும் முதலாளி படமும் சேர்த்து ஆர்டர்களைத் தயார் செய்யும் பளுவும் டிசைனர்களின் தலையில் விழுகின்றன. நடுவில் தேர்தல் வந்துவிட்டால் இரவுக்கும் பகலுக்கும் பேதமில்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. கூடுதல் வேலை வாங்கினாலும் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு ஐம்பத்துநான்கு மணி என்பதைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இப்படி ஒரு சட்டம் தங்களுக்கும் பொருந்தும் என்பதை அறியாத பிள்ளைகள் இந்தத் தொழிலில் ஏராளம். சீசன் முடிந்ததும் தருகிற போனஸில் எல்லாம் அடங்கிவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முதுகு வலியும், கண் எரிச்சலும், மணிக்கட்டில் சுளுக்குப் பிடித்ததுபோன்ற நோவும் முப்பது வயதுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. கடைசி பஸ்ஸைத் தவறவிட முடியாத கிராமத்துப் பெண்கள் அந்தியில் எழுந்து போக வேண்டியிருப்பதாலேயே பொறுப்பான ஜாப் அவர்கள் கைக்கு வருவதில்லை. திறமையில் குறையாதவர்களாக இருந்தும், வருஷக்கணக்கில் எழுத்து அடிக்கும் மேஜையிலேயே தங்கிவிடுகிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகச் சிலரே.

இரண்டாவது, வாடிக்கைக்காரரின் பிடிவாதம். “அண்ணன் படம் இன்னும் பெருசா”, “பேரு கொஞ்சம் மினுமினுன்னு”, “இங்க காலியா கிடக்கே, ஒரு பூவைப் போடு” என்று பின்னால் நின்று சொல்லச் சொல்ல, தன் ரசனைக்குச் சிறிதும் ஒவ்வாத ஒன்றைத் தன் கையாலேயே உருவாக்குவது, கலை உணர்ச்சி உள்ளவனுக்கு உண்மையான வேதனை. இந்த வேதனையை ஒரேயடியாகப் பெரிதுபடுத்துவதும் தவறு. வாடிக்கைக்காரருக்கு அந்தப் பேனர் வாழ்நாளில் ஒருமுறை ஊரார் முன் நிமிர்ந்து நிற்கும் சந்தர்ப்பம். காலியிடத்தின் அழகை அவரிடம் எதிர்பார்ப்பதைவிட, அவர் விரும்பும் நெருக்கத்துக்குள்ளேயே ஓர் ஒழுங்கை ஏற்படுத்துவதில் சாமர்த்தியம் இருக்கிறது. கொண்டைய ராஜுவின் கூடமும் முதலாளி கேட்ட தெய்வத்தை, முதலாளி கேட்ட நகைகளோடுதான் எழுதியது. ஆனால் பேனர் கலாசாரத்தில் ரசனையைக் காட்டிலும் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம் பெண் பொறியாளர் ஒருவர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். மக்கிப்போகாத அந்தப் பிளாஸ்டிக் சீலைகள் விழா முடிந்தபின் கண்மாய்க் கரையிலும் கருவேலங்காட்டிலும் கிடக்கின்றன. டிசைன் போட்டவனுக்கு அதில் பொறுப்பில்லை என்று சொல்லி ஒதுங்கிவிட என் மனம் இடம் தரவில்லை. அதே சமயம், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கடையில் மிகக் கீழான நாற்காலியில் இருப்பவனுக்கு இல்லை என்பதும் நிஜம்.

மூன்றாவது குறை, என் எண்ணத்தில் மற்ற யாவற்றையும்விடப் பெரியது: செய்தவனுக்குப் பெயர் இல்லை. சிறுத்தையோடு மனிதன் மல்லுக்கட்டும் அந்தப் பிரசித்தமான தீப்பெட்டிப் படத்தை அறியாத தமிழன் இல்லை. அதை எழுதியவன் பெயர் பெட்டியில் இல்லை. பட்டாசுப் பெட்டியில் சிரிக்கும் குழந்தை, சாம்பிராணிப் பொட்டலத்தில் புகை நடுவே தோன்றும் தெய்வம், இவற்றுக்கெல்லாம் கர்த்தா யார் என்று கேட்டால் பதில் கிடையாது. அருப்புக்கோட்டைத் தறிகளிலும் இதே கதைதான். கட்டம் போட்ட தாளில் புட்டாவையும் பேட்டையும் புள்ளி புள்ளியாக நிரப்பி, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போட்டு, சேலையில் மாங்காயும் மயிலும் எழும்படி செய்கிறவருடைய பெயர் சேலையோடு போவதில்லை. ஊரின் பெயரோ சங்கத்தின் பெயரோ கடையின் பெயரோதான் போகிறது. சென்னை நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்த ஓவியர் ஆதிமூலத்தின் பெயரை நாடு அறிந்துகொண்டது, அவர் கேன்வாஸில் எழுதிய சித்திரங்களாலும் பத்திரிகைகளில் எழுதிய எழுத்துருக்களாலுமே. துணிக்கு அவர் செய்த வேலையால் அன்று.

சட்டம் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, உத்தியோகத்தில் இருப்பவர் அந்த உத்தியோகத்தின் பொருட்டுச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் முதலாளியே. காசு கொடுத்துக் கேட்டு எழுதி வாங்கிய ஓவியத்துக்கும், இவ்விதமே, கேட்டவர்தான் உரிமையாளர். ஆகவே ஒருமுறை கொடுத்த காலண்டர் படத்தை முதலாளி பத்து வருஷம் லட்சக்கணக்கில் அச்சிட்டாலும், எழுதியவருக்கு மறுகாசு வராது. இது கடுமையாகத் தோன்றினாலும் வியாபாரத்தில் ஒரு நியாயம் இதற்கு உண்டு. முதல் போட்டவர் நஷ்டத்தையும் தாங்குகிறார். ஆனால் அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமை கைமாறிய பின்னும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் அதிகாரம் ஆசிரியனுக்கு உண்டு என்கிறது. பணத்துக்கான உரிமை வேறு, பெயருக்கான உரிமை வேறு என்று பிரித்து வைத்திருக்கும் இந்த நுட்பம் நம்முடைய டிசைன் கூடங்களுக்கு இன்னும் எட்டவில்லை. 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சிட்ட ஒவ்வொரு தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று விதித்தது. தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. ஒரு துண்டுத் தாளின் அடியில் அச்சகத்துக்கு இடம் இருக்கிறது, வெளியிட்டவருக்கு இடம் இருக்கிறது. அதை உருவாக்கிய கைக்கு மட்டும் இடம் இல்லை.

ஏஜென்சியில் பெயரில்லாமல் உழைத்தவர்கள் பிற்பாடு பெயர் பெற்றதுண்டே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். உண்மைதான். சத்யஜித் ராய் 1943-இல் கல்கத்தாவில் டி.ஜே.கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் மாதம் எண்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்து, பதின்மூன்று வருஷம் போல அங்கே படம் வரைந்தார். அதே நிறுவனத்தில் இருந்த டி.கே.குப்தா தொடங்கிய சிக்னெட் பிரஸுக்கு அட்டை வரைந்ததன் மூலமாகத்தான் பதேர் பாஞ்சாலியின் சிறுவர் பதிப்புக்குச் சித்திரம் எழுத நேர்ந்தது; 1950-இல் நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியபோதுதான் அந்நாட்டுத் திரையரங்குகளில் உட்கார்ந்து இத்தாலியப் படங்களைப் பார்த்தார்; மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த தைரியத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தம் முதல் படத்தை எடுக்கத் தொடங்கினார். நம் கோபுலு ஆனந்த விகடனில் தம் கையெழுத்தோடு வீடுதோறும் அறிமுகமான பிறகு, அறுபதுகளில் ஜே.வால்டர் தாம்ஸன் விளம்பர நிறுவனத்துக்குப் போய், பின்னர் ஆட்வேவ் என்ற பெயரில் சொந்த நிறுவனமும் கண்டார். விளம்பரத்துறையில் அவர் செய்த வேலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தமிழ் வாசகன் நெஞ்சில் நிற்பது ‘கோபுலு’ என்று ஓரத்தில் கையெழுத்திட்ட சித்திரங்களே. மாதச் சம்பளமும் சகவாசமும் பயிற்சியும் ஏஜென்சி தந்த வரம். பெயர் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்தது. ராய்க்கு ஒரு சினிமாவும் கோபுலுவுக்கு ஒரு வாரப்பத்திரிகையும் இருந்தன. திருச்சுழியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு அப்படி ஒரு வெளிவாசல் ஏது?

இந்தக் கேள்வி இன்றைக்கு அவசரமானதாகவும் ஆகிவிட்டது. எழுத்தில் கேட்டால் முருகனையும் லட்சுமியையும் கணநேரத்தில் வரைந்து தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் டிசைன் கூடங்களுக்குள்ளும் வந்துவிட்டன. அவை தரும் தெய்வங்களின் கைகளில் விரல் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும், வேலைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் நிமிர்த்துவதும் புதிய உத்தியோகமாகிக்கொண்டிருக்கிறது. பத்து வருஷம் படம் அமைத்த ஒருவன் வேறிடத்தில் வேலை கேட்டுப் போகும்போது, இன்ன காலண்டர் என் கைவேலை என்று காட்ட அவனிடம் அத்தாட்சி எதுவும் இல்லையானால், அவனுக்கும் நேற்றுக் கருவியைப் பழகியவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த முதலாளி அறிவார்? பெயர் என்பது கீர்த்திக்காக மட்டும் வேண்டுவதன்று. தொழிலாளியின் அனுபவத்துக்கு அது ஒன்றுதான் சாட்சிப் பத்திரம்.

ஆகையால் சிவகாசி அச்சக முதலாளிகளையும் டிசைன் கூடம் நடத்துபவர்களையும் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆடிப்பெருக்கு ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் அடியிலும், அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், அதை அமைத்தவர் பெயரையும் ஊரையும் பொடி எழுத்தில் சேர்த்து அச்சிடலாம். கூடத்தில் மூவர் சேர்ந்து செய்த படமானால், கோவில்பட்டி வழக்கப்படி மூன்று பெயர்களும் வரட்டும். இதற்குத் தனி பிளேட் வேண்டாம், தனி மை வேண்டாம், ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஏற்கெனவே ஓடுகிற கறுப்பு மையிலேயே அது ஓடிவிடும். கடைக்காரர் தன் கடைப் பெயருக்கு ஒதுக்கிய இடமும் குறையாது. ஆல்பத்துக்கான படங்கள் வைகாசியிலும் ஆனியிலும் முடிவாகி ஆடி பிறக்குமுன் பிளேட்டுக்குப் போய்விடுகின்றன; டிசைனர்கள் முதலாளியிடம் போய் உட்கார்ந்து பேசுவதற்குச் சித்திரையே சரியான மாதம்.